ஐந்து தாளில் ஒரே விடை

 

இன்றைய பதிவு கொஞ்சம் நீளம். கடைசி பீரியடில் செய்வது போல மணி எப்போது அடிக்கும் என்று பார்க்காமல் பொறுமையாகப் படியுங்கள். விஷயம் விமானத்தைப் பற்றியது. "டீச்சருக்கும் விமானத்துக்கும் என்ன சம்பந்தம்?" என்று சிலர் சிரிப்பீர்கள். நான் ஆயுளில் மூன்று முறைதான் விமானம் ஏறியிருக்கிறேன். படித்தது ஆசிரியர் பயிற்சி டிப்ளமோ. ஆனால் முப்பது வருடத்துக்கு மேல் விடைத்தாள் திருத்தியவள். இந்த விஷயத்தைப் பேச அந்த அனுபவம் போதும் என்று எனக்குத் தோன்றுகிறது.

சண்டை தொடங்கியது எங்கள் குடும்ப வாட்ஸ்அப் குழுவில். 2025 நவம்பரில் டெல்லி விமான நிலையத்தை நெருங்கிய சில விமானங்களுக்குப் பொய்யான ஜிபிஎஸ் சிக்னல் வந்தது என்று செய்தி வந்ததல்லவா? டிசம்பர் 1-ஆம் தேதி நாடாளுமன்றத்தில் அமைச்சர் கொடுத்த பதிலில் அது உண்மைதான் என்று வந்துவிட்டது. இப்படிப் புகார் வந்த மற்ற ஊர்களின் பெயர்களும் அதில் இருந்தன: கொல்கத்தா, அமிர்தசரஸ், மும்பை, ஐதராபாத், பெங்களூரு, கடைசியாக நம் சென்னை.

உடனே என் அக்கா வீட்டுக்காரர் குரல் பதிவு போட்டார். "இனிமே நான் ரயில்லதான் போவேன். மேல போறவனுக்கே எங்க இருக்கோம்னு தெரியலன்னா நாம எதுக்கு ஏறணும்?" அவர் துறைமுகத்தில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். அவர் வார்த்தைக்கு வீட்டில் மதிப்பு உண்டு.

ஐடி கம்பெனியில் இருக்கும் என் தம்பி மகன் விடவில்லை. "அத்தை, மாமாகிட்ட சொல்லுங்க. கோளாறு ஜிபிஎஸ்ல இல்ல. இன்னும் நல்ல சாட்டிலைட் வந்தா சரியாயிடும். தரையில வச்சிருக்கிற அந்தக் காலத்து ரேடியோ கருவியெல்லாம் எடுத்துட்டு முழுசா மாறிட்டா செலவும் மிச்சம்" என்று எழுதினான்.

இரண்டு பேரும் தவறு என்பது என் கருத்து. ஏன் என்று சொல்லத்தான் இந்தப் பதிவு.

பொங்கலுக்கு என்னைப் பார்க்க என் பழைய மாணவன் ஒருவன் வந்தான். காசிமேட்டில் விசைப்படகு ஓட்டியவரின் மகன். வங்கிக் கடன், அம்மாவின் நகை, அப்பாவின் படகுப் பங்கு எல்லாம் போட்டுப் படித்து, இன்று ஏடிஆர் விமானத்தில் துணை விமானி. "பேரைப் போட்டுடாதீங்க டீச்சர்" என்றான். போடவில்லை. திருவொற்றியூரில் எங்கள் மொட்டை மாடியில் உட்கார்ந்து, பழைய காலண்டர் தாளின் பின்பக்கத்தில் படம் போட்டு ஒரு மணி நேரம் எனக்கு வகுப்பு எடுத்தான். நாலாம் வகுப்பில் திசைகள் எழுதச் சொன்னால் கிழக்கையும் மேற்கையும் மாற்றி எழுதியவன் அவன்!

அவன் சொன்னதை என் மொழியில் சொல்கிறேன்.

மேகம் மூடிய நாளில் விமானி வெளியே பார்த்து இறங்குவதில்லை. ஒவ்வொரு ஓடுபாதைக்கும் முன்கூட்டியே அளந்து வகுத்த பாதை ஒன்று உண்டு. அந்தப் பாதையில் வரிசையாகப் புள்ளிகள். ஒவ்வொரு புள்ளிக்கும் ஒரு பெயர், ஒரு உயரம். இந்தப் புள்ளியைத் தாண்டும் வரை இந்த உயரத்துக்குக் கீழே வராதே என்பது கட்டளை. கடைசிப் புள்ளியைத் தாண்டி ஓடுபாதையை நோக்கி இறங்கும்போது, குறிப்பிட்ட உயரத்தில் ஓடுபாதையோ அதன் விளக்குகளோ கண்ணில் பட வேண்டும். படவில்லை என்றால் யோசிக்காமல் மேலே ஏறிவிட வேண்டும். அப்படி ஏறிப் போவதற்கும் பாதை வகுத்து வைத்திருக்கிறார்கள். "அதுல வெட்கமே கிடையாது டீச்சர். இறங்காம மேல போறதும் ஒரு சரியான விடைதான்" என்றான். எனக்கு மிகவும் பிடித்தது இந்த வரி.

இந்தப் பாதையில் விமானத்தைக் கூட்டிப்போக இரண்டு வழி. பழைய வழி, தரையிலிருந்து ரேடியோ. ஓடுபாதையின் பக்கத்தில் நட்டு வைத்த கருவிகளிலிருந்து இரண்டு அலைக்கற்றைகள் வரும். ஒன்று இடமா வலமா என்று சொல்லும். மற்றொன்று மேலா கீழா என்று சொல்லும். இதற்கு ஐஎல்எஸ் என்று பெயர். இது இல்லாமல், வழியில் திசை காட்டும் விஓஆர், தூரம் காட்டும் டிஎம்ஈ என்ற நிலையங்களும் உண்டு.

புதிய வழி, விமானி அறையில் இருக்கும் ஜிபிஎஸ் கருவி. அதில் இறங்க வேண்டிய பாதையைத் தேர்ந்தெடுத்துவிட்டால், அது புள்ளி புள்ளியாக விமானத்தை நகர்த்திக்கொண்டு போகும். புள்ளிகளின் எண்களை விமானி கையால் தட்டிச் சேர்ப்பது கூடாது. கருவியில் ஏற்றிய தரவிலிருந்து பாதையை முழுசாக எடுக்க வேண்டும். அந்தத் தரவையும் 28 நாளுக்கு ஒருமுறை புதுப்பிக்க வேண்டும். ஒரு இலக்கம் பிசகினால் என்ன ஆகும் என்று தெரிந்தவர்கள் போட்ட சட்டம்.

திரையில் ஒரு ஊசி இருக்கும். விமான நிலையத்தை நெருங்கும் கட்டத்தில், அந்த ஊசி ஓரத்தில் போய் ஒட்டினால் பாதையிலிருந்து 1 கடல் மைல் விலகியிருக்கிறாய் என்று பொருள். இறுதிக் கட்டத்தில் அதே ஊசி ஓரத்தில் ஒட்டினால் 0.3 கடல் மைல், அதாவது சுமார் 550 மீட்டர். ஊசி அதேதான், கண்டிப்புதான் கூடுகிறது. ஜூன் மாதம் சிரித்துப் பேசும் டீச்சர் மார்ச் மாதம் மாறிவிடுவது போல.

அக்கா வீட்டுக்காரருக்கு இங்கே ஒன்று சொல்ல வேண்டும். செயற்கைக்கோளை நம்புவது பைத்தியக்காரத்தனம் இல்லை. 1983 செப்டம்பர் 1 அன்று கொரிய பயணிகள் விமானம் ஒன்று நூற்றுக்கணக்கான கிலோமீட்டர் வழி விலகி சோவியத் வான் எல்லைக்குள் போய்ச் சுட்டு வீழ்த்தப்பட்டது. 269 பேர் இறந்தார்கள். வழி விலகியதே விமானிகளுக்குத் தெரியவில்லை. அதன் பிறகுதான் ஜிபிஎஸ் தயாரானதும் பொது விமானங்களுக்கு இலவசமாகத் திறந்துவிடுவோம் என்று அமெரிக்கா அறிவித்தது. இன்று உங்கள் கையில் இருக்கும் போனில் வழி காட்டும் நீலப் புள்ளிக்குப் பின்னால் அந்த 269 உயிர்களும் இருக்கின்றன.

நம் நாடும் சும்மா இருக்கவில்லை. ஜிபிஎஸ் மட்டும் போதாது என்று இஸ்ரோவும் விமான நிலைய ஆணையமும் சேர்ந்து 'ககன்' என்ற அமைப்பை உருவாக்கின. நாடு முழுக்க 15 இடங்களில், திருவனந்தபுரம் முதல் ஜம்மு வரை, போர்ட் பிளேர் உட்பட, துல்லியமாக அளந்து வைத்த இடத்தில் உட்கார்ந்து ஜிபிஎஸ் சொல்வதைக் கேட்டுக்கொண்டே இருக்கும் நிலையங்கள் உள்ளன. "நான் இருக்கும் இடம் எனக்குத் தெரியும், நீ சொல்வது இத்தனை மீட்டர் பிசகு" என்று அவை கணக்குப் போடும். அந்தத் திருத்தம் ஜிசாட் செயற்கைக்கோள் வழியாக விமானத்துக்குப் போகும்.

இது நம் ஊரில் மற்ற நாடுகளை விடக் கடினமான வேலை. தும்பாவில் 1963-இல் ராக்கெட் ஏவுதளம் அமைத்தது ஏன் என்று நான் வகுப்பில் சொன்னது நினைவிருக்கிறதா? பூமியின் காந்த நடுக்கோடு அந்தப் பக்கமாகப் போகிறது. அந்தக் கோட்டை ஒட்டிய பகுதிகளில் மேல் வளிமண்டலத்தின் அயனி அடுக்கு ஒரே சீராக இருக்காது. ஜிபிஎஸ் அலை அதைக் கடந்து வரும்போது தாமதமாகும். ஒளியும் ரேடியோ அலையும் விநாடிக்கு சுமார் 3 லட்சம் கிலோமீட்டர் போகின்றன. விநாடியில் பத்து லட்சத்தில் ஒரு பங்கு பிசகினாலும் தூரக் கணக்கில் 300 மீட்டர் தப்பு. இந்தச் சிக்கலைச் சமாளித்து, 2015-இல் ககனுக்கு விமானத்தை உயரக் கணக்கோடு ஓடுபாதைக்குக் கூட்டிவரும் அளவு சான்றிதழ் கிடைத்தது. 2022 ஏப்ரல் 28 அன்று ராஜஸ்தானின் கிஷன்கர் விமான நிலையத்தில் இண்டிகோவின் ஏடிஆர் விமானம் ககன் வழிகாட்டுதலில் இறங்கியது. நாட்டில் அதுதான் முதல் முறை. தரையில் ஐஎல்எஸ் வைக்க வசதியில்லாத சிறிய ஊர்களுக்கு இது பெரிய வரம். இதில் என் தம்பி மகன் சொல்வது முழுக்கச் சரி.

ஆனால் என் மாணவன் படம் போடும்போது சொன்ன ஒரு விஷயம்தான் என்னை நிமிர்ந்து உட்கார வைத்தது.

"டீச்சர், இடம் கண்டுபிடிக்க நாலு செயற்கைக்கோள் போதும். ஆனா நாலுல ஒன்னு தப்பா சொன்னா கருவிக்குத் தெரியாது. அஞ்சாவது ஒன்னு இருந்தாதான் 'இதுல ஏதோ தப்பு இருக்கு'ன்னு தெரியும். ஆறாவது இருந்தாதான் தப்பு எதுன்னு கண்டுபிடிச்சு அதை ஒதுக்க முடியும்."

பாருங்கள், இடம் சொல்ல நான்கு. சந்தேகப்பட ஐந்து. பொய்யனைப் பிடிக்க ஆறு. நம் ஊர் பஞ்சாயத்து அறிவை அப்படியே கருவிக்குள் வைத்திருக்கிறார்கள்.

ககன் போன்ற அமைப்பின் உண்மையான பெருமையும் இதில்தான் இருக்கிறது. "நீ இங்கே இருக்கிறாய்" என்று சொல்வது அதன் பாதி வேலை. "இப்போது என்னை நம்பாதே" என்று நேரத்தோடு சொல்வது மறு பாதி. இந்த வகை இறக்கத்தில் பிழை எல்லை மீறினால் 10 விநாடிக்குள் விமானிக்குச் சொல்லியாக வேண்டும் என்பது சர்வதேச விதி. பத்து விநாடி என்றால் எவ்வளவு? கணக்குப் போடுங்கள். ஏடிஆர் சுமார் 120 நாட் வேகத்தில் இறங்கினால் விநாடிக்குச் சுமார் 62 மீட்டர். பத்து விநாடியில் 600 மீட்டருக்கு மேல் முன்னே போயிருக்கும், 30 மீட்டருக்கு மேல் கீழே இறங்கியிருக்கும். ஓடுபாதையைப் பார்த்தே ஆக வேண்டிய உயரம் சுமார் 250 அடி. அதாவது 76 மீட்டர். அதில் 30 மீட்டர் போய்விடும். தெரியாததைத் தெரியாது என்று சீக்கிரம் சொல்வது உயிர் காக்கும் பண்பு என்று நான் வகுப்பில் சொன்னதற்கு இதை விட நல்ல உதாரணம் கிடைக்காது.

சரி, ஐந்தாவது ஆறாவது சாட்சி எல்லாம் இருந்தும் டெல்லியில் ஏன் குழப்பம்?

இங்கேதான் என் விடைத்தாள் அனுபவம் பேசுகிறது.

ஒரு தேர்வில் ஐந்து பேர் ஒரே விடை எழுதியிருந்தால் அந்த விடை சரியாகத்தான் இருக்கும் என்று நீங்கள் நினைப்பீர்கள். ஐந்து பேரும் ஒரே தவறான விடையை, ஒரே எழுத்துப் பிழையோடு எழுதியிருந்தால்? அங்கே ஐந்து விடை இல்லை. ஒரு விடைதான் இருக்கிறது, மற்ற நாலும் காப்பி. முதல் பெஞ்சில் ஒருவன் தப்பு செய்தான், அது கடைசி பெஞ்ச் வரை போயிருக்கிறது. இதைக் கண்டுபிடிக்க எந்த டீச்சருக்கும் பயிற்சி தேவையில்லை.

பொய் சிக்னல் வேலை செய்வது இப்படித்தான். ஜிபிஎஸ் செயற்கைக்கோள்கள் சுமார் 20,200 கிலோமீட்டர் உயரத்தில் இருக்கின்றன. அங்கிருந்து வரும் அலை, இங்கே வந்து சேரும்போது மிக மிக மெலிந்திருக்கும். பக்கத்தில் ஒருவன் பலமாகச் சத்தம் போட்டால் அது காதில் விழாது. அது இரைச்சல், அதைக் கருவி கண்டுபிடித்துவிடும். ஆனால் பக்கத்தில் இருப்பவன் செயற்கைக்கோளின் குரலிலேயே பேசினால்? ஒரு செயற்கைக்கோளின் குரலில் இல்லை, எல்லாச் செயற்கைக்கோள்களின் குரலிலும் பொருந்தப் பொருந்தப் பேசினால்? ஐந்தாவது சாட்சியும் ஆறாவது சாட்சியும் அதையே சொல்லும். எல்லாம் ஒத்துப்போகும். கருவி "எல்லாம் சரி" என்றுகூடக் காட்டலாம். ஐந்து தாளில் ஒரே விடை!

அதனால் கெடுதல் அந்த நேரத்தோடும் முடிவதில்லை. பொய் சிக்னலைக் கேட்ட விமானத்தில், மலையே இல்லாத இடத்தில் "தரை நெருங்குகிறது, மேலே ஏறு" என்று எச்சரிக்கை ஒலிப்பது பல நாடுகளில் நடந்திருக்கிறது. ஒன்றிரண்டு முறை பொய்யாக ஒலித்தால் மூன்றாவது முறை மனிதன் காதில் வாங்க மாட்டான். புலி வருது கதைதான். மூன்றாவது முறை நிஜப் புலி வரும்.

டெல்லியில் நல்லவேளையாக எதுவும் நடக்கவில்லை. ஏன்? அமைச்சரின் அதே பதிலில் விடை இருக்கிறது. ஜிபிஎஸ் வழியாக இறங்க வந்த விமானங்களுக்கு 10-ஆம் எண் ஓடுபாதையில்தான் சிக்கல். அவற்றுக்கு மாற்று நடைமுறைகள் கையாளப்பட்டன. தரையில் பழைய கருவிகள் வேலை செய்துகொண்டிருந்த மற்ற ஓடுபாதைகளில் விமானப் போக்குவரத்துக்குப் பாதிப்பு இல்லை. தம்பி மகனே, எடுத்துவிடலாம் என்று நீ சொன்ன 'அந்தக் காலத்து ரேடியோ'தான் அன்று மற்ற விமானங்களை நிம்மதியாக இறக்கியது. அது துல்லியத்தில் பெரியது என்பதால் இல்லை. அது வேறு பெஞ்சில் உட்கார்ந்திருந்தது என்பதால்.

பொய் சொல்ல வெளியாள் வர வேண்டும் என்றுகூட இல்லை. 2022 மே 23 அன்று பாரிஸ் விமான நிலையத்தில் நடந்ததை என் மாணவன் சொன்னான். ஏ320 விமானம் ஒன்று மழை மேகத்தில் செயற்கைக்கோள் வழிகாட்டுதலில் இறங்குகிறது. இடம் சொல்வது ஜிபிஎஸ், உயரம் சொல்வது காற்றழுத்தமானி. அன்றைய காற்றழுத்தம் 1001. கட்டுப்பாட்டு அறையிலிருந்து சொன்ன எண் 1011. ஒரே ஒரு இலக்கம். விமானிகள் கேட்டதைக் கேட்டபடி வைத்தார்கள். அந்த 10 அலகு வித்தியாசத்தால் விமானம் இருக்க வேண்டிய உயரத்தை விடச் சுமார் 280 அடி கீழே பறந்தது. திரையில் எல்லாம் ஒழுங்கு. ஓடுபாதைக்கு வெகு முன்னாலேயே தரைக்கு 6 அடி வரை வந்துவிட்டு, எப்படியோ மேலே ஏறித் தப்பித்தது. ஆறடி! ஒரு ஆள் உயரம்.

அங்கே செயற்கைக்கோள் பொய் சொல்லவில்லை. கருவி கெடவில்லை. விமானத்தின் உயரமானிகள் எல்லாம் ஒன்றுக்கொன்று ஒத்துப்போயின. ஒத்துப்போகாமல் என்ன செய்யும்? எல்லாவற்றிலும் வைத்தது ஒரே தப்பான எண். சரியான எண் அந்த விமான நிலையத்தின் பதிவு ஒலிபரப்பில் போய்க்கொண்டிருந்தது. வேறு பெஞ்சில் இருந்த தாள் அது. ஒப்பிட்டுப் பார்க்கவில்லை, அவ்வளவுதான்.

இதையெல்லாம் என் மாணவன் சொல்லிக்கொண்டிருந்தபோது, அவன் அப்பா பல வருடம் முன்பு பள்ளி வாசலில் நின்று சொன்ன ஒரு கதை எனக்கு ஞாபகம் வந்தது.

காசிமேட்டுப் படகுகளில் ஜிபிஎஸ் பரவலாக வந்துகொண்டிருந்த காலம். ஒரு படகில் துறைமுக வாயின் புள்ளியைக் குறித்து வைப்பார்கள். அந்த எண்ணைப் பார்த்து அடுத்த படகுக்காரர் எழுதிக்கொள்வார், அவரைப் பார்த்து அடுத்தவர். ஐப்பசி மழையில் ஒரு விடியற்காலை நாலு படகு ஒன்றாகத் திரும்புகின்றன. கரை தெரியவில்லை, விளக்கு தெரியவில்லை. நாலு கருவியும் ஒரே திசையைக் காட்டுகின்றன. இவருக்கு மட்டும் மனசு ஒப்பவில்லை. கயிற்றில் கட்டிய ஈயக்குண்டை இறக்கி ஆழம் பார்த்தார். ஒட்டி வந்த மண்ணைக் கையில் தேய்த்துப் பார்த்தார். அந்த ஆழமும் அந்த மண்ணும் துறைமுக வாயுடையது இல்லை. எஞ்சினைக் குறைத்து மற்றவர்களையும் நிறுத்தி, வெளிச்சம் வரும் வரை நங்கூரம் போட்டார்கள். விடிந்து பார்த்தால் நேர் எதிரே கல் கொட்டிய கரை. துறைமுக வாய்க்கு வடக்கே ஒரு கிலோமீட்டர் தள்ளி நிற்கிறார்கள். எண்ணை எழுதிக்கொண்டபோது யாரோ ஒருவர் புள்ளிக்குப் பின்னால் ஒரு இலக்கத்தை மாற்றி எழுதிவிட்டார். கடல் கணக்கில் அரை நிமிடம் பிசகினால் 900 மீட்டருக்கு மேல்.

அவர் அன்று சொன்னது அப்படியே நினைவிருக்கிறது. "நாலு மிசினும் காட்டுதுன்னா நாலு பேர் சொல்றான்னு அர்த்தமா டீச்சர்? ஒருத்தன் சொன்னதை நாலு பேர் சொல்றான்."

மூன்றாம் வகுப்போடு படிப்பை விட்டவர். டெல்லிக்கும் பாரிசுக்கும் அவர் அன்றே விளக்கம் கொடுத்துவிட்டார்.

இனி என் கருத்தைத் தெளிவாகச் சொல்கிறேன்.

முதலாவது, விமான நிலையங்களில் தரைக் கருவிகளை எடுக்கக்கூடாது. செயற்கைக்கோள் பழுதானால் உதவ, குறைந்தபட்ச அளவில் தரைக் கருவிகளின் வலையை வைத்திருக்கிறோம் என்று அரசு சொல்லியிருக்கிறது. நல்லது. எனக்குப் பயம் அந்தக் 'குறைந்தபட்சம்' என்ற சொல்லில்தான். ஆபத்து வராத ஒவ்வொரு வருடமும் பட்ஜெட்டில் அந்தக் குறைந்தபட்சம் இன்னும் கொஞ்சம் குறையும். பத்து வருடம் தீ விபத்து நடக்கவில்லை என்று பள்ளிக்கூடத்துத் தீயணைப்பான்களை யாரும் பழைய இரும்புக்குப் போடுவதில்லை. தரைக் கருவியைப் பழுதுபார்க்க நிறுத்தும் நாட்களில் அந்த ஓடுபாதைக்கு ஒரே சாட்சிதான் மிஞ்சும் என்பதையும் மறக்கக்கூடாது.

செலவு ஆகுமே என்பான் தம்பி மகன். ஆகும்தான். ஐஎல்எஸ் கருவியைப் பராமரிக்க வேண்டும், அவ்வப்போது தனி விமானத்தைப் பறக்கவிட்டு அலை சரியா என்று சோதிக்க வேண்டும். எல்லாச் சிறிய ஊருக்கும் அதை வைக்க முடியாது என்பதை ஒப்புக்கொள்கிறேன். அங்கெல்லாம் ககன் போதும், மேகம் மூடினால் பக்கத்துப் பெரிய நிலையத்துக்குப் போகலாம். ஆனால் போய்ச் சேரும் அந்தப் பெரிய நிலையத்தில் தரைக் கருவி உயிரோடு இருக்க வேண்டும். அங்கேயும் செயற்கைக்கோள்தான் என்றால் போக்கிடம் ஏது?

இரண்டாவது, நடந்ததை மறைக்காமல் சொல்ல வேண்டும். 2023 நவம்பரிலேயே விமானப் போக்குவரத்து இயக்குநரகம் இப்படிப்பட்ட குறுக்கீடுகளை விமானிகள் தெரிவிக்க வேண்டும் என்று சுற்றறிக்கை அனுப்பியது. அதன்படி புகார்கள் வருகின்றன. அது நல்ல பழக்கம். ஆனால் நம்மைப் போன்ற சாதாரண மக்களுக்கு நாடாளுமன்றத்தில் கேள்வி கேட்டால்தான் விவரம் தெரிகிறது. எத்தனை, எங்கே, என்ன செய்தோம் என்று வருடம் ஒருமுறை எளிய மொழியில் வெளியிட்டால் என்ன? விவரம் தெரியாததால்தான் எங்கள் வீட்டுப் பெரியவர் ரயில் டிக்கெட் எடுக்கப் போகிறார். பயம் உண்மையால் வருவதை விட அரைகுறைத் தகவலால்தான் அதிகம் வருகிறது.

மூன்றாவது, இது நம் பகுதிக்கு. 2017 ஜனவரி 28 அதிகாலை எண்ணூர் காமராஜர் துறைமுகத்துக்கு வெளியே இரண்டு கப்பல்கள் மோதியதை யாரும் மறந்திருக்க மாட்டீர்கள். கரை முழுக்க எண்ணெய். நம் பிள்ளைகள் பலர் வாளியை எடுத்துக்கொண்டு போய் அள்ளினீர்கள். இடம் காட்டும் கருவிகள் உள்ள காலத்தில், நம் கண்ணெதிரே நடந்தது அது. 'நான் எங்கே இருக்கிறேன்' என்று தெரிவது பாதுகாப்பின் ஒரு பகுதிதான், முழுசும் இல்லை. காசிமேடு, திருவொற்றியூர், எண்ணூர்க் குப்பங்களில் இருக்கும் பெரியவர்களுக்குக் கரை அடையாளம் பார்க்கவும், மண்ணைத் தேய்த்து இடம் சொல்லவும், காற்றைப் பார்த்துத் திசை சொல்லவும் இன்னும் தெரியும். அவர்கள் போய்விட்டால் அந்தப் பாடமும் போய்விடும். கடலோரத்தில் இருக்கும் என் மாணவர்களே, உங்கள் தாத்தா சொல்வதைப் போனில் பதிவு செய்து வையுங்கள். பழம்பெருமைக்காகச் சொல்லவில்லை. ஜிபிஎஸ் பொய் சொல்லும் நாளில் வேறு பெஞ்சில் உட்கார்ந்திருக்கும் தாள் அதுதான்.

நான் கிளம்பும் முன் என் மாணவனிடம் ஒன்று கேட்டேன். "நீ இறங்கும்போது கடைசியில் எதைப்பா நம்புவ?"

கொஞ்சம் யோசித்துவிட்டுச் சொன்னான். "எதையும் தனியா நம்ப மாட்டேன் டீச்சர். ஜிபிஎஸ் ஒன்னு சொல்லும். தரை ரேடியோ இருந்தா அதையும் பக்கத்துல வச்சுக்குவேன். உயரத்தையும் தூரத்தையும் வச்சு மனசுல கணக்குப் போடுவேன். பக்கத்துல இருக்கிற கேப்டன் என்னைச் சரிபார்ப்பார், நான் அவரைச் சரிபார்ப்பேன். ஒன்னு ஒத்துப்போகலன்னாலும் மேல போயிடுவோம்." பிறகு சிரித்தான். "ஈயக்குண்டு மட்டும்தான் இல்ல."

அக்கா வீட்டுக்காரருக்கு இதைத்தான் சொன்னேன். இப்படிச் சந்தேகப்படத் தெரிந்த பிள்ளைகள் ஓட்டும் வரை நான் தைரியமாக ஏறுவேன், நீங்களும் ஏறுங்கள். தம்பி மகனுக்கும் சொன்னேன். புதியது வரட்டும், வர வேண்டும். ஆனால் பழையதைத் தூக்கிப் போட்டுவிட்டால், புதியது தப்பு செய்யும் நாளில் அது தப்பு என்று சொல்லக்கூட ஆள் இருக்காது. அவன் கட்டைவிரல் படம் ஒன்று போட்டிருக்கிறான். ஒப்புக்கொண்டானா, அத்தையோடு வம்பு வேண்டாம் என்று விட்டுவிட்டானா தெரியவில்லை.

மாற்றுக் கருத்து இருந்தால் எழுதுங்கள். நான் சொல்வதற்கெல்லாம் "சரிதான் டீச்சர்" என்று ஐம்பது பேர் ஒரே மாதிரி எழுதாதீர்கள். காப்பி அடித்தீர்களோ என்று சந்தேகம் வந்துவிடும்.

அன்புடனும் ஆசிகளுடனும்,
உங்கள் டீச்சர்
திருவொற்றியூர்